பின்தளத்துக்கு ஒரு வணக்கம்

போர்ட்ஸ்மவுத் துறைமுகச் சேற்றில் அந்தப் பழைய போர்க்கப்பல் அசையாமல் கிடக்கிறது. பாய்மரங்களை வெட்டிவிட்டார்கள். பீரங்கிகள் எட்டிப்பார்த்த துவாரங்களில் இப்போது இரும்புக்கம்பி. மங்கிய வெயிலில் கைதிகளின் துணி காய்கிறது. புதிதாக வந்த நாங்கள், மணிக்கட்டுகளைப் பிணைத்த ஒரே சங்கிலியோடு ஏறுகிறோம். எனக்கு முன்னால் ஜேபஸ். ஆடு திருடி மாட்டியவன். ஒரு காலத்தில் இதே கப்பலில் பீரங்கி சுட்டவன். தளத்தில் கால் வைத்ததும், மாலுமிகளின் வழக்கப்படி, கொடி பறந்த பின்தளத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுகிறான். காவலன் ஹாப்ஸ் இளிக்கிறான். "பரவாயில்லையே, வந்ததுமே மரியாதை தெரியுதே!" "உனக்கில்லடா, கப்பலுக்கு," என்கிறான் ஜேபஸ். தடி அவன் வாயில் விழுகிறது. தொப்பி தண்ணீருக்குப் போகிறது. "கப்பல் எப்பவோ செத்துப்போச்சு, நாயே! இது ஜெயிலு. எனக்குப் போடு கும்பிடு!" ஜேபஸ் ரத்தத்தைத் துடைக்காமல் நிமிர்கிறான். "எத்தனை குண்டு வாங்கியும் இந்தக் கப்பல் தோத்துக் கொடிய இறக்கல. நான் மட்டும் தலைய இறக்குவேனா?" காலடியில் ஈரப்பலகை முனகுகிறது. கடலையே இன்றுதான் பார்த்த நான், ஹாப்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்தளத்தைப் பார்த்து என் தொப்பியைக் கழற்றுகிறேன். எனக்குப் பின்னால் சங்கிலி சலசலக்கிறது. ஒவ்வொரு கையாகத் தொப்பிக்கு உயர்கிறது.