திங்கட்கிழமைத் தாள்

"நீ இல்லாம நான் கோச்சே இல்லடா இஷாக்."

ஆண்டனிராஜ் அதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். திண்டுக்கல் கால்பந்து அணிக்கு மூன்று வருடம் தொடர்ந்து மாவட்ட லீக் கோப்பை வாங்கித் தந்தவர் அவர். இப்போது நத்தத்தில், தன் பழைய உதவிப் பயிற்சியாளரின் வீட்டில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

இஷாக்கும் நிமிரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவன் இங்கே ஒரு பள்ளிக்குக் கோச்சாக வந்திருந்தான்.

"டீ எடுத்துக்கங்கண்ணே." இஷாக்கின் மனைவி ஜீனத் டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"நீ போனதுக்கப்புறம் அஞ்சு மேட்ச். நாலு தோல்வி, ஒண்ணு டிரா. ஞாயித்துக்கெழமை சாணார்பட்டி கூடக் கடைசி மேட்ச். அதுவும் போச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிறோம்னு கமிட்டில சொல்லிட்டாங்க."

"சாணார்பட்டிதானே சார்? அவங்க எப்பவும் கடைசியிலதானே கெடப்பாங்க."

"அதெல்லாம் போன வருசம். இப்ப வரிசையா நாலு மேட்ச் ஜெயிச்சிருக்கானுக. என்ன மாயமோ தெரியல."

இஷாக் டம்ளரைக் கையில் உருட்டினான்.

"செயலாளர் கண்ணுசாமி என்ன சொல்றாரு தெரியுமா? கப்பெல்லாம் இஷாக் வாங்குனது, நீங்க விசில் மட்டும் ஊதுனதுன்னு. அம்புட்டுப் பேர் முன்னாடி சொல்றாரு. எனக்குக் கோவமே வரல. நெசந்தானே?"

"அப்பிடியெல்லாம் இல்ல சார்."

"ஒன் பசங்க எப்பிடி ஆடுறாங்க?"

"ரெண்டு மேட்ச் சார். ரெண்டும் போச்சு."

புது டீம், நாளாகும் என்று ஆண்டனிராஜ் நினைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் மடித்த கோடுபோட்ட தாள்கள் இருந்தன.

அவர் அவற்றைத் திங்கட்கிழமைத் தாள் என்பார். ஞாயிறு மேட்ச் முடிந்ததும் அழுக்கு ஜெர்சி மூட்டையை ஒச்சம்மாளிடம் துவைக்கக் கொண்டுபோவது இஷாக்கின் வேலை. திங்கள் சாயங்காலம் துவைத்த மூட்டையோடு வரும்போது அவன் இந்தத் தாளையும் தருவான்.

தாளில் ஆட்டக்காரர்களின் பெயர் இருக்காது. ஜெர்சி நம்பர் மட்டும்தான்.

'4 - வலது முட்டியில் அடி. மறைக்கிறான்.'

'11 - ஓடுவதில்லை. நின்றே ஆடுகிறான்.'

'1 - இடது பக்கம் மட்டுமே விழுகிறான்.'

அதன்படி நான்காம் நம்பருக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்தார். பதினொன்றை உட்கார வைத்தார். கோல்கீப்பரை வலது பக்கமாக நூறு முறை விழ வைத்தார். அந்த வருடம்தான் முதல் கோப்பை வந்தது.

"மைதானத்துல நானும்தான் நின்னேன். எனக்கு இதுல ஒண்ணுகூடத் தெரியலையே." தாள்களை அவன் பக்கம் நகர்த்தினார். "வந்துருப்பா. இந்த ஒரு வாரமாவது வா. பதினெட்டு வருசமா அந்த மைதானந்தான் எனக்கு எல்லாம். இந்த வயசுல வேற எங்க போவேன்?"

இஷாக் தாள்களைத் தொடவில்லை. அவன் காது சிவந்திருந்தது.

"ஒனக்குத் தனி ரூம் தரச் சொல்றேன். முன்ன மாதிரி மூட்டையத் தூக்கிட்டு அலைய வேண்டாம். நீ போன மறுவாரமே வாஷிங் மெஷின் வாங்கியாச்சு."

இஷாக் முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"அப்ப ஒச்சம்மாக்கா?"

"மெஷின் வந்தப்புறம் அது எதுக்கு? அன்னைக்கே நிப்பாட்டியாச்சு."

இஷாக் டம்ளரை வைத்தான். டீ தளும்பித் தாள்களின் ஓரத்தை நனைத்தது. அவன் துடைக்கவில்லை.

"சார், கோல் விழுந்தா கத்துவேன். அதுக்கு மேல என் கண்ணுக்கும் ஒண்ணும் தெரியாது. அந்தக்காதான் சட்டை, நிக்கர், சாக்ஸுன்னு ஒவ்வொண்ணா விரிச்சுப் பாத்துச் சொல்லும். நான் எழுதுவேன்."

"ஏலே, அது ஒரு மேட்ச்சுக்குக்கூட வந்ததில்லையேடா!"

"வந்ததே இல்ல. பசங்க பேருகூடத் தெரியாது. நம்பரத்தான் சொல்லும். மொத தாளுக்கே நீங்க எல்லாரு முன்னாடியும் என்னயத் தட்டிக்குடுத்தீங்க. அப்புறம் எப்பிடி சார் சொல்றது?"

ஆண்டனிராஜ் மேலே கிடந்த தாளைப் பார்த்தார். இடது பக்கம் மட்டுமே விழுகிறான். இடது தோளிலிருந்து இடுப்பு வரை செம்மண் ஏறிய ஒரு ஜெர்சி அவர் கண்முன் வந்தது. வலது பக்கம் சுத்தமாக இருந்தது.

இஷாக் எழுந்து பைக் சாவியை எடுத்தான். "வாங்க சார், இப்பவே போவோம். கால்ல விழுந்தாவது கூட்டியாருவோம். அந்தக்கா இப்ப எங்க இருக்கு?"

ஆண்டனிராஜ் எழவில்லை. வேலை இல்லை என்று சொன்ன அன்று, ஒச்சம்மாள் சோப்பு வாளியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, அடுத்து எங்கே துவைக்கப் போகிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அது அவருக்குச் சிரிப்பாக இருந்தது.

"சாணார்பட்டி டீமுக்குத் துவைக்குதுடா."