சுங்கச் சண்டையும் மூன்று கோப்பை கோப்பியும்

இரண்டு அரபு மன்னர்களுக்கிடையே மூளவிருந்த சுங்கப் போரை, ஒரு சனிக்கிழமை மத்தியானம், மெல்பேணின் கிளென் வேவர்லியில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து நிறுத்தியவன் நான்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். காத்திருக்கிறேன்.

வருடம் எழுபத்தாறு. அரபு நாடுகளுக்கு உயிர் ஆடுகளைக் கப்பலேற்றும் ஒரு கம்பெனியில் நான் புதுக் கிளார்க். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

மன்னர்கள் இருவரும் அடுத்தடுத்த நாட்டுக்காரர். பெயர் சொல்லமாட்டேன், அரச ரகசியம். ஒருவரிடம் துறைமுகம் இருந்தது. மற்றவரிடம் மணல்தான் இருந்தது. மணல்காரரின் ஆடுகள் துறைமுகக்காரரின் வாசலால்தான் போகவேண்டும். போகிற ஆட்டுக்கெல்லாம் துறைமுகக்காரர் வரி கேட்டார். உன் ஊரில் ஒரு புல்லைக்கூடக் கடிக்காத ஆட்டுக்கு எதற்கு வரி என்றார் மற்றவர்.

இருவரும் தங்கள் மைத்துனர்களை மெல்பேணுக்குத் தூது அனுப்பியிருந்தார்கள். ஹோட்டலில் அந்தத் தூதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தே பேசினார்கள். கடைசியில் அந்தச் சுவருக்கு அரபி நன்றாகவே வந்துவிட்டது.

மெல்பேண் துறைமுகத்தில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் எங்கள் வளவுவரை கேட்கும்.

என் முதலாளி மெக்கின்னனுக்கு என் ஊர் யாழ்ப்பாணமும் அரேபியாவும் ஒரே ஒழுங்கை. நீ அந்தப் பக்கத்து ஆள்தானே, உன் வீட்டில் சாப்பாடு போட்டுச் சமாதானம் செய் என்றார். ஆடு கப்பலேறாவிட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொன்னார்.

உடனே வீட்டுக்குப் போன் அடித்தேன். ஆட்டாலே வந்த சண்டை, ஆகவே மரக்கறிச் சாப்பாடு போதும் என்று மனைவி பவளத்திடம் சொன்னேன். அரபிக்காரர் வாசனைச் சாமான் போட்ட கோப்பிதான் குடிப்பார்களாம், மறந்துவிடாதே என்றும் சொன்னேன்.

தூதர்கள் இருவரும் மெக்கின்னனோடு வந்தார்கள். சாப்பிட்டார்கள். அப்போதும் பேசவில்லை.

பவளம் மூன்று கோப்பை கோப்பி கொண்டுவந்து வைத்தாள். தூதர்களுக்கு இரண்டு, மெக்கின்னனுக்கு ஒன்று. வீட்டுக்காரன் விருந்தாளிக்குச் சமமாக உட்கார்ந்து குடிப்பதா? நான் கதிரையைப் பிடித்தபடி நின்றேன்.

மணல்காரத் தூதர் கோப்பையைத் தூக்கினார். உதட்டருகே கொண்டுபோனார்.

மெல்லக் கீழே வைத்துவிட்டார்.

ஆடுகள்கூடக் கத்துவதை நிறுத்தின.

துறைமுகத் தூதரின் முகம் கறுத்தது. என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் விளக்கினார். அவர்களுடைய ஆட்களிடம் ஒரு வழக்கமாம். விருந்தாளி கோப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால் அவருக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது என்று அர்த்தம். அது நிறைவேறும்வரை குடிக்கமாட்டார். குடிக்காமலே எழுந்து போனால் அவமானம் வீட்டுக்காரருக்கு.

குசினி வாசலில் நின்ற பவளம் கேட்டாள்: "ஏனப்பா, கோப்பி சரியில்லையோ?"

உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று துறைமுகத் தூதர் கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன், சற்று விரித்து. இந்த மனிதர் குடிக்காமல் போனால் ஏழு தலைமுறைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது, அழுதழுது செத்துப்போவேன் என்கிறாள் என்றேன்.

துறைமுகத் தூதர் பவளத்தைப் பார்த்தார். பவளத்தின் முகத்தில் உண்மையாகவே பெருங்கவலை.

அவர் நெஞ்சில் கை வைத்தார். இந்தச் சகோதரியின் வீட்டுக்கு என்னால் அவமானம் வேண்டாம், கடந்து போகிற ஆட்டுக்கு இனி வரியில்லை என்றார்.

மணல்காரத் தூதர் கோப்பையை எடுத்தார். கண்ணை மூடினார். ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கண்ணீர் இறங்கித் தாடிக்குள் போனது. என்ன சகோதர பாசம்! அதைப் பார்த்த துறைமுகத் தூதரும் குடித்தார். அவரும் அழுதார். மெக்கின்னனும் குடித்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார். ஆட்டு வியாபாரி ஒருவன் உலக சமாதானத்துக்காக அழுததைச் சரித்திரம் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

ஆடுகள் கப்பலேறின. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ஓய்வுபெறும் நாள்வரை அங்கேயே இருந்தேன்.

இந்தக் கதையை நான் சொல்லாத கலியாண வீடு மெல்பேணில் இல்லை. எல்லாரும் நம்புகிறார்கள், ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்த ஆள் பவளம்.

"அப்பிடி ஒருத்தரும் எங்கட வீட்டை வரேல்லை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். கண்ணால் கண்ட ஒரே சாட்சி! அவளுடைய சமையலில் குறை சொன்னவர் இதுவரை இல்லை என்பதுபோல, நான் உண்மை பேசிய நாளும் இல்லை என்பது அவள் கட்சி.

போன ஞாயிறு பக்கத்து வீட்டு சேஷாத்ரி வந்தார். நல்ல தடிமன்.

"என்ன சார், இன்னைக்கு எத்தனை ராஜா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்தார்.

நான் கதையைத் தொடங்கினேன். அவருடைய தடிமனுக்குப் பவளம் மல்லிக் கோப்பி போட்டுக் கொண்டுவந்தாள். மல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் மிளகும் வறுத்து இடித்துப் போட்டது.

சேஷாத்ரி ஒரு வாய் குடித்தார்.

மெல்லக் கீழே வைத்துவிட்டார். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கியது.

நான் கோப்பையைப் பார்த்தேன். பிறகு பவளத்தைப் பார்த்தேன். அன்றைக்கு நின்ற அதே குசினி வாசலில் நின்றாள். அதே முகம்.

"வாசனைச் சாமான் எண்டு நீங்கள்தானே போனில சொன்னனீங்கள்? அண்டைக்கு எனக்குத் தெரிஞ்சது இது ஒண்டுதான்."

சேஷாத்ரி கண்ணைத் துடைத்து முடித்ததும் அவர் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

"ஓம். வந்தவைதான். அழுதவைதான்."