பல் தடம்

ஊர்வலம் முடிந்து பெட்டிக்குள் படுத்ததுமே சாக்சபோன் பீற்றத் தொடங்கிவிட்டது. "என் ஊதுமுனையைப் பாரு, எத்தனை பல் தடம்! என் ஆளு என்னை அப்படிக் கவ்விப் பிடிப்பாரு. உனக்கு ஒரு கீறலாவது உண்டா?"

பக்கத்துப் பெட்டியில் கிடந்த கிளாரினெட்டுக்குச் சுருக்கென்றது. அதை வாசிக்கும் தேவசகாயம் பற்களை இரண்டு உதடுகளாலும் மூடிக்கொண்டுதான் ஊதுவார். 'என்மேல் பல் படக்கூட அவருக்குப் பிடிக்கவில்லையோ?' என்று அது வெகுநாளாய் மருகிக்கொண்டிருந்தது.

அந்நேரம் தேவசகாயம் டீயை வாயில் வைத்தவர், துடித்துப்போய்க் கீழே வைத்தார். கைக்கண்ணாடியில் மேலுதட்டைப் பிதுக்கிப் பார்த்தார். திறந்திருந்த பெட்டியிலிருந்து கிளாரினெட்டும் பார்த்தது. உதட்டின் உள்பக்கம் வரிசையாகப் பற்கள் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"என்ன, ஒரு கீறலாவது இருக்கா?" என்றது சாக்சபோன்.

"எனக்கும் தடம் இருக்கு," என்றது கிளாரினெட். "ஆனா என்மேல இல்ல."