சிவப்புக் காய்

ஓய்வு பெற்ற பிறகு பிரவீனும் அவன் மனைவி சிந்துஜாவும் தினமும் டிபன் முடிந்ததும் கேரம் ஆடுவார்கள். வாழ்நாள் முழுக்க வேலை வேலை என்று ஓடியவன், இனி முழுசாக உன்னோடுதான் என்று சத்தியம் செய்திருந்தான்.

சில நாளாக அவன் எதற்கெடுத்தாலும் தலையாட்டுவது அவளை உறுத்தியது. இன்று வேண்டுமென்றே சிவப்புக் காயை விரலால் தள்ளிக் குழியில் போட்டாள். ஒரு ஃபவுலுக்கு ஒரு நாள் முழுக்கச் சண்டை போடுகிறவன், "சூப்பர்" என்று சிரித்தான்.

அவள் எழுந்து போய் அவன் காதோர முடியை விலக்கினாள். மூளையை வாடகைக்கு விட்டவர்களுக்கு எரியும் பச்சைப் புள்ளி அங்கே எரிந்துகொண்டிருந்தது.

"மறுபடியும் ஆபீஸுக்கு விட்டுட்டியா?"

"முழுசா இல்ல சிந்து. உனக்குன்னு கொஞ்சம் வச்சிருக்கேன்."

"எவ்வளவு?"

அவன் ஸ்டிரைக்கரைத் துடைத்தான். "கால்வாசி."

"யாரு முடிவு பண்ணது?"

"அவங்கதான். நாம பேசிக்கிறதைக் கேட்டுட்டு, வீட்டுக்கு இது போதும்னு சொன்னாங்க. நாலு மாசமா உனக்கும் போதுமாத்தானே இருந்துச்சு?"