பத்து டன் கல்

"காலி வண்டியில பத்து டன் கல்லா? ஓசூர்ல யாருக்கும்மா?" குவாரி மேஸ்திரி காத்தமுத்து கேட்டார்.

"யாருக்கும் இல்லண்ணே."

"வண்டி காத்துல பறந்துடும்னு பயமா?" அவர் சிரித்தார்.

டிரைவர் செல்லக்கிளி சிரிக்கவில்லை. கேபின் கதவைத் திறந்து காட்டினாள். பின் படுக்கையில் கால்கள் வீங்கிப் படுத்திருந்தான் அவள் கணவன் சின்னதுரை. பக்கத்தில் டயாலிசிஸ் மெஷின் அணைந்து கிடந்தது.

"சைலன்சர் சூட்டுலதான் இதுக்குக் கரண்ட். பாரம் இழுத்தாத்தான் அந்தச் சூடு வரும். ரெண்டு நாளா லோடு கிடைக்கல."

"கிளி, அங்க கல்லை இறக்கறப்போ என்னையும் சேத்து இறக்கிடாதே" என்றான் சின்னதுரை.

"வாயை மூடிட்டுக் கையை நீட்டு. குழாயை மாட்டணும்."

காத்தமுத்துவின் சிரிப்பு நின்றது. பொக்லைன் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"டேய், பன்னெண்டாப் போடுங்கடா! தொப்பூர் மேட்டுல மெஷின் நிக்கக் கூடாது!"

தொப்பூர் மேட்டில் லாரி ஆமையாக ஊர்ந்தது. பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன.

"மெஷின் சுத்துதா?" என்றாள் செல்லக்கிளி.

"ஜோரா சுத்துது."

அவள் கியரை இன்னும் ஒன்று இறக்கினாள்.