விசாக நட்சத்திரம், சிவ கோத்திரம்

குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டதும், ஆண்டியப்பன் வேட்டி மடிப்பிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்தார். அதன் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். வியர்வையில் எழுத்து ஊறிப்போயிருந்தது.

"லூ... லூகா..." என்று இழுத்தார்.

"லூகாஸ் ப்ரென்னர். விசாக நட்சத்திரம், சிவ கோத்திரம்." குருக்களே முடித்து வைத்தார். "இந்த வாரத்துல இது எட்டாவது அர்ச்சனை. இடது முழங்கால்தானே?"

ஆண்டியப்பன் தலையாட்டிவிட்டு டிக்கெட்டை மறுபடி மடிப்பில் செருகினார்.

ஜெர்மனி கால்பந்து அணியின் நடுக்களத்தில் ஆடும் அந்த ஆளுக்கு விராலிமலையில் வார்டு மெம்பரைவிடச் செல்வாக்கு அதிகம். பிறந்தநாளுக்கு பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள். சலூனில் அவர் பெயரைச் சொன்னால் போதும், வேறு எதுவும் கேட்காமல் காதுக்கு மேல் ஒட்ட வெட்டிவிடுவார்கள். பிறந்த தேதியை போனில் போட்டு நட்சத்திரம் கண்டுபிடித்ததும் ஊரில் பந்து விளையாடும் பையன்கள்தான். முருகனுக்கும் அவருக்கும் ஒரே நட்சத்திரம் என்று தெரிந்த அன்று வெடி வேறு வெடித்தார்கள்.

கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம். ஜெர்மனிக்காரர் மட்டும் விதிவிலக்கா என்ன?

முழங்கால் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் செய்து, எட்டு மாதமாக ஆட்டத்துக்கே வராதவர். வரும் சனிக்கிழமை மறுபடி இறங்குவார் என்கிறார்கள்.

இறங்கியே ஆக வேண்டும். அந்த ஒரே பிடிவாதத்தோடுதான் ஆண்டியப்பன் இருநூறு படிகளையும் எங்கும் உட்காராமல் ஏறி வந்திருந்தார்.

தேங்காய்ப் பழத் தட்டோடு உள்ளே திரும்பிய குருக்கள் அப்போதுதான் அவர் தலையைக் கவனித்தார். புது மொட்டை. சந்தனம் இன்னும் காயவில்லை.

"அந்தப் பசங்களே அர்ச்சனையோட நிறுத்திண்டுட்டா. நீங்க முடியே குடுத்துட்டேளா? ஃபுட்பால்னா அவ்வளவு பித்தா?"

"எனக்கு அதுல ஒண்ணுந் தெரியாதுங்க சாமி. எம் மக ஹரிணி காலேஜ் டீமுல ஆடுனா. அவளுக்கும் அதே முழங்கால், அதே ஜவ்வு. திருச்சி டாக்டரு ஒடனே ஆபரேசன் பண்ணணும்ங்குறாரு. கத்தி பட்ட காலு அப்புறம் ஓடாதுன்னு இவ பயந்துகிட்டு கையெழுத்துப் போட மாட்டேங்குறா. அந்தத் தம்பி எறங்கி ஓடட்டும், பாத்துட்டுப் போடுறேங்குறா."

குருக்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பொண்ணு நட்சத்திரத்தையும் சொல்லுங்கோ. அவ பேருக்கும் சேத்துப் பண்ணிடறேன்."

மகளின் நட்சத்திரம் ஆண்டியப்பனின் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லிவிடத்தான் ஆசை. ஆனால் பயமாக இருந்தது. இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டார்.

"வேணாம்ங்க சாமி. ரெண்டாப் பங்கு போட வேணாம். மொத்தத்தையும் அந்தத் தம்பிக்கே பண்ணிருங்க."