வலது பிறை

"வலது பக்கம் தாராளமா வெட்டு தம்பி. ஞாயித்துக்கிழமை ஊரே பாக்கப்போற வண்டி" என்றார் கார் கழகத் தலைவர் ஹெரிபெர்த்தோ.

நெஃப்தாலி கிரைண்டரில் புது வட்டை மாட்டினான்.

தலைவரின் வெள்ளைக் காருக்குப் போன வாரம்தான் அகல டயர் போட்டிருந்தார்கள். டயர் வெளியே துருத்தினால் மட்கார்டின் விளிம்பைப் பிறைபோல் வெட்டி எடுக்க வேண்டும். பிறகு அதன்மேல் ஃபைபரில் ஒரு புருவம் வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். காகுவாஸ் நகரில் அதை நெஃப்தாலி போல் செய்ய ஆளில்லை.

"காரு அகலமாறதுக்கு முன்னாடியே தலைவர் அகலமாயிட்டாரு. அப்படியே அவருக்கும் ரெண்டு புருவம் வெச்சு அடிச்சுடு" என்றான் வாசலில் நின்ற கழகத்துக்காரன் சிண்டோ.

கழகத்தார் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். அடுத்த வருடம் நகரசபைக்கு நிற்கப்போகிறவர் எல்லாவற்றுக்கும் சிரித்துத்தான் ஆகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, நெஃப்தாலியின் தம்பி எஃப்ரைனுக்கு நினைவு ஊர்வலம். நாற்பது கார்கள். முதல் கார் தலைவருடையது. அதன் முன் இருக்கையில் அம்மா உட்காரப்போகிறாள். பின்கண்ணாடியில் எஃப்ரைனின் படம் ஒட்டியாகிவிட்டது. அதைவிடச் சற்றுப் பெரிதாகத் தலைவரின் பெயர்.

எஃப்ரைன் ரொட்டிக் கடைக்கு விடிகாலை வேலைக்குப் போகிறவன். மலைச்சாலை வளைவில் ஒரு கார் அவனைச் சைக்கிளோடு அடித்துவிட்டு நிற்காமல் போய் மூன்று மாதமாகிறது. சைக்கிளில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. "தீவுல பாதிக் காரு வெள்ளதான்" என்று போலீஸ் கோப்பை மூடிவிட்டது.

தலைவர் அப்படி விடவில்லை. துக்க வீட்டில் நடந்த ஒன்பது நாள் ஜெபமாலைக்கும் வந்தார். ஒன்பது நாளும் எல்லோரையும்விடச் சத்தமாக ஜெபித்தார். சூடான சாக்லேட்டில் பாலாடைக்கட்டியைத் தோய்த்து எல்லோரையும்விட நிறையத் தின்றார். கழகக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "அந்தத் தாயின் ஊர்வலத்துக்கு என் கார். அந்த அண்ணன் கையாலேயே அது தயாராகும்" என்று அறிவித்தார்.

கைதட்டல் அடங்க இரண்டு நிமிடமாயிற்று.

நெஃப்தாலி இடது பக்க வளைவை அட்டையில் வரைந்து வெட்டினான். அட்டையைத் திருப்பி வலது பக்கம் வைத்தான்.

பொருந்தவில்லை. அரை விரல் இடைவெளி.

விரலை மடக்கித் தட்டினான். தகரத்தின் சத்தம் வரவில்லை. மண்சுவரைத் தட்டியதுபோல் இருந்தது. பள்ளம் நிரப்பும் பட்டி மாவு.

உப்புத்தாளால் தேய்த்தான். வெள்ளை போயிற்று. பட்டி போயிற்று. அடியில் ஒரு நசுங்கல். அவசரத்தில், கீழே இருந்ததைச் சுரண்டாமலேயே பூசியிருந்தார்கள்.

நசுங்கலின் மடிப்பில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நிறம்.

நெஃப்தாலி உப்புத்தாளைக் கீழே வைத்தான்.

வாசலில் தலைவர் ஊர்வல உரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கொலைகாரன் எங்கிருந்தாலும்..." என்ற இடத்தில் குரல் உடையலாமா என்று சிண்டோவிடம் கேட்டார்.

"அங்க வேணாம் தலைவரே. 'அம்மா'ன்னு வரும்போது உடைங்க. பொம்பளைங்க ஓட்டு."

நெஃப்தாலி வெட்டும் கோட்டை அழித்து, இரண்டு விரல் மேலே ஏற்றி வரைந்தான். பிறகு வெட்டினான். நசுங்கல் முழுவதும் பிறையோடு வந்தது.

மூன்று மணிக்கு நான்கு புருவங்களும் ஏறிவிட்டன.

அடுத்தது சடங்கு. பட்டறைச் சுவர் முழுக்க வெட்டிய பிறைகள் தொங்கும். காரின் சொந்தக்காரர் ஒரு பிறையில் மார்க்கரால் எழுதிக் கையெழுத்திட்டு மாட்டினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். மாட்டாத காரைக் கழகத்தில் யாரும் காராக மதிப்பதில்லை.

நெஃப்தாலி ஒரு பிறையை நீட்டினான். நடுவில் அகலமாக மாஸ்க்கிங் டேப் சுற்றியிருந்தது.

"டேப்பு எதுக்குடா?"

"தகரம் கூரா இருக்கு தலைவரே. கையக் கிழிச்சிடும்."

"எந்தப் பக்கத்துது இது?"

"வலது."

தலைவரின் கை ஒரு கணம் நின்றது. கழகத்தாரின் அலைபேசிகள் உயர்ந்தன. படமெடுக்கும் இடத்தில் தலைவரின் கை அதிக நேரம் நின்றதாக வரலாறு இல்லை.

டேப்புக்குப் பக்கத்தில் தகரத்திலேயே எழுதினார்: 'தம்பி எஃப்ரைன் நினைவாக, என் காரிலிருந்து.' கீழே தேதி. யாரும் கேட்காமலேயே காரின் எண். அதற்கும் கீழே, வால் நீண்ட கையெழுத்து. படமெடுக்கக் காட்டிவிட்டு ஆணியில் மாட்டினார்.

நெஃப்தாலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லுப்பா" என்றார். சிண்டோ சொன்ன இடத்தில் குரல் சரியாக உடைந்தது.

கார் கிளம்பிப் போயிற்று. புருவங்கள் மயிரிழை பிசகாமல் பொருந்தியிருந்தன.

நெஃப்தாலி பிறையை ஆணியிலிருந்து எடுத்து டேப்பை உரித்தான்.

வேறு எந்தப் பட்டறையிலும் அது ஒரு கறை. பச்சையும் இல்லை, ஊதாவும் இல்லை. அந்த நிறத்துக்குப் பெயிண்ட் கடையில் எண் கிடையாது. மூன்று டப்பாக்களின் அடியில் மிஞ்சியதை அவனே ஒருநாள் கலந்து, தம்பியின் சைக்கிளுக்கு அடித்தது. இன்னொரு தடவை கலந்து பார்த்தான், வரவில்லை.

தீவில் அந்த நிறத்தில் ஒரே ஒரு பொருள்தான் உண்டு. அது போலீஸ் நிலையத்தின் பின்கட்டில் மழையில் கிடக்கிறது.

பிறையைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெஃப்தாலி ஷட்டரை இறக்கினான்.

தலைவருக்காக அடித்து வைத்திருந்த ஆணி சுவரில் காலியாக இருந்தது.